வேலைத்தலத்தில் விளைந்த விசுவாசம்

(தொழிலாளரான புனித யோசேப்பு திருநாளையொட்டி ஒலிபரப்பான வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



காரியாபட்டி பேருந்து நிலையத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கே கூட்டம் சேர்ந்துவிடும். நூற்பாலை வேனுக்காகத் தூக்குவாளியோடு நிற்கும் பிள்ளைகள், மதுரைக்குக் கட்டட வேலைக்குப் போகும் கொத்தனார்கள், சித்தாள்கள், கல்குவாரிக்குப் போகிறவர்கள், சீமைக்கருவேலம் வெட்ட அரிவாளைச் சாக்கில் சுற்றி வைத்திருப்பவர்கள் என்று அரை மணி நேரத்தில் அந்த இடம் நிறைந்துவிடும். அடுத்த அரை மணி நேரத்தில் காலியாகிவிடும். அந்தக் கூட்டத்தில் நம் பங்கு மக்களும் நிற்கிறார்கள். சிலருடைய கழுத்தில் செபமாலையும் சுரூபமும் தெரியும். வேனில் ஏறியதும் ஒரு சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வார்கள். பிறகு தூங்கிவிடுவார்கள், பாவம், இரவு பத்து மணிக்குப் படுத்தவர்கள்.

இவர்களிடம் "உங்கள் விசுவாச வாழ்வு எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், "எங்கே சாமி, வேலைக்கே நேரம் சரியாக இருக்கிறது, கோயிலுக்கு வர முடியவில்லை" என்பார்கள். ஏதோ தப்புச் செய்துவிட்டவர்களைப் போலத் தலை குனிவார்கள். நாமும் அதைச் சரி என்றே ஏற்றுக்கொள்கிறோம். வேலை வயிற்றுப்பாட்டுக்கு, விசுவாசம் கோயிலுக்கு என்று எப்போதோ பாகம் பிரித்துவிட்டோம். வேலை போக மிஞ்சிய நேரத்தில் செய்வதுதான் பக்தி என்று நினைக்கிறோம்.

ஆனால் இந்தத் தென்பாண்டிச் சீமையில் நம் விசுவாசம் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தால், அது பெரும்பாலும் வேலை செய்கிற மனிதர்கள் மூலமாகத்தான் வந்திருக்கிறது. வேலை செய்கிற இடங்களில்தான் அது சோதிக்கப்பட்டும் இருக்கிறது. இன்று அந்த வரலாற்றில் சில பக்கங்களைப் புரட்டிப் பார்ப்போம்.

முதலில் யோசேப்பிடமிருந்தே தொடங்குவோம். நாசரேத்து ஊரார் இயேசுவின் போதனையைக் கேட்டு வியந்தார்கள். அடுத்த நொடியே, இவர் தச்சருடைய மகன்தானே என்று இளக்காரமாகப் பேசினார்கள். மத்தேயு நற்செய்தியில் அது பதிவாகியிருக்கிறது. மாற்கு நற்செய்தியிலோ இயேசுவையே தச்சர் என்கிறார்கள். அவர்கள் வாயில் அது பாராட்டு அல்ல. கை காய்த்தவனுக்கு ஞானம் எங்கிருந்து வரும் என்ற கேள்விதான் அதற்குள் இருந்தது. இந்தக் கேள்வி நமக்கும் புதிதல்ல. நம் ஊர்க் கூட்டங்களில் கரி மூட்டம் போடுகிறவர் எழுந்து பேசினால், எத்தனை பேர் காது கொடுத்துக் கேட்கிறோம்?

அந்தத் தச்சரைத் தமிழில் ஒரு பெருங்காப்பியத்தின் தலைவராக உட்கார வைத்தவர் வீரமாமுனிவர். இத்தாலியில் 1680இல் பிறந்து, இயேசு சபைக் குருவாகத் தமிழகம் வந்த அவர், தொடக்க காலத்தில் பணி செய்த இடங்களில் ஒன்று காமநாயக்கன்பட்டி. ஆகஸ்டு 15 பரலோக மாதா திருநாளுக்கு நம் பக்கத்து மக்கள் நடந்தே போகிறார்களே, அதே காமநாயக்கன்பட்டிதான். நம்முடையதைப் போலவே மழையை நம்பிய மண். வானம் பொய்த்தால் பருத்தியும் இல்லை, சோளமும் இல்லை. அவர் எழுதிய தேம்பாவணியில் 36 படலங்கள், 3,615 பாடல்கள். யோசேப்பு என்ற எபிரேயப் பெயரின் பொருளை எடுத்து 'வளன்' என்று தமிழாக்கினார். இன்று நம் பிள்ளைகளுக்கு வளன், வளனரசு என்று பெயர் வைக்கிறோம் என்றால் அது அவர் தந்த சொல்.

தமிழ்க் காப்பியம் என்றால் தலைவன் அரசனாகவோ பெருவணிகனாகவோ இருப்பது வழக்கம். தாவீது அரசரின் வழிமரபில் வந்தவர் யோசேப்பு என்பது உண்மைதான்; ஆனால் அவர் சோறு உண்டது தச்சு வேலை செய்துதான். அப்படிப்பட்ட ஒருவருக்கு முழுக் காப்பியம் பாட வேண்டும் என்று வீரமாமுனிவருக்குத் தோன்றியதே, அதை நாம் இன்னும் சரியாக எண்ணிப் பார்க்கவில்லை என்றே தோன்றுகிறது. நம் கோயில்களில் பல யோசேப்பு சுரூபங்களின் கையில் லீலி மலர் மட்டும் இருக்கிறது. இழைப்புளியைக் காணோம்.

வீரமாமுனிவர் எழுதிய இன்னொரு நூல் வேதியர் ஒழுக்கம். வேதியர் என்று அவர் சொல்வது உபதேசியார்களை. அந்தக் காலத்து மதுரை மிஷனில் குருக்கள் மிகச் சிலர். மக்களோ நூற்றுக்கணக்கான ஊர்களில் சிதறிக் கிடந்தார்கள். நம் கிழக்கே ஓரியூரில் 1693 பிப்ரவரி 4ஆம் நாள் மறைசாட்சியாக உயிர் கொடுத்த புனித அருளானந்தரின் காலத்திலும் அப்படித்தான். ஒரு குரு ஓர் ஊருக்கு வந்து திருப்பலி நிறைவேற்றிவிட்டுப் போனால், மறுபடி எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. இடைப்பட்ட மாதங்களில் ஊரைக் கூட்டிச் செபம் சொன்னவர், சாகக் கிடந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், இறந்தவரை அடக்கம் செய்தவர், புருசன் பெண்டாட்டி சண்டையைத் தீர்த்துவைத்தவர் எல்லாம் உபதேசியார்தான். அவர் துறவி அல்லர். மனைவி மக்களோடு ஊருக்குள்ளேயே வாழ்ந்த பொதுநிலையினர். ஊர்க்காரர்களுக்கு அவருடைய வீடும் தெரியும், வாசலும் தெரியும், வாங்கிய கடனும் தெரியும். அப்படி இருந்தும் அவர் சொன்னால் கேட்டார்கள் என்றால், அவருடைய நடத்தைதான் அதற்குக் காரணமாக இருந்திருக்க முடியும். உபதேசியாருக்கென்று தனியாக ஓர் ஒழுக்க நூல் எழுத வேண்டும் என்று வீரமாமுனிவர் நினைத்ததும் அதனால்தான்.

பிறகு வந்தது இன்னும் பெரிய சோதனை. 1759இல் போர்த்துக்கல் அரசு தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து இயேசு சபையினரை வெளியேற்றியது. 1773இல் திருத்தந்தை 14ஆம் கிளமெந்து அந்தச் சபையையே கலைத்துவிட்டார். 1814இல் திருத்தந்தை 7ஆம் பயஸ் சபையை மீண்டும் நிறுவினாலும், மதுரைப் பகுதிக்கு பிரான்சு நாட்டு இயேசு சபைக் குருக்கள் வந்து சேர்ந்தது 1838இல்தான். நடுவில் இரண்டு தலைமுறைக்கு மேல் ஓடிவிட்டது. பாண்டிச்சேரியிலிருந்தும் கோவாவிலிருந்தும் குருக்கள் எப்போதாவது வந்துபோனார்கள். ஆனால் ஒரு சிற்றூர்க்காரருக்குத் தன் வாழ்நாளில் பார்த்த திருப்பலிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை.

அந்த அறுபது எழுபது ஆண்டுகளில் விசுவாசம் எங்கே இருந்தது? இரவுச் சோற்றுக்கு முன் சொன்ன செபத்தில் இருந்தது. தவக்காலத்தில் கூடிப் பாடிய பாடுகளின் பாட்டில் இருந்தது. ஏர் பூட்டும்போது போட்ட சிலுவை அடையாளத்தில், களத்துமேட்டில் அளந்த மரக்காலில் இருந்தது. இன்று ஞாயிறு திருப்பலிக்கு வர முடியாத மில் வேலைக்காரப் பெண்ணிடம், "உன் விசுவாசம் குறைந்துவிட்டது" என்று சொல்லும் முன் நாம் இந்த ஆண்டுகளைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். திருப்பலி வேண்டாம் என்று சொல்லவில்லை. அது கிடைக்காமல் ஏங்கிய மக்களின் பேரப்பிள்ளைகள்தானே நாம். அந்த ஏக்கத்தோடு அவர்கள் வேலைக்குப் போய் வந்தார்கள் என்பதைத்தான் சொல்கிறோம்.

இப்போது இன்னும் தெற்கே போவோம். நம் பங்குகளிலிருந்து வேன் பிடித்து ஆரல்வாய்மொழி காற்றாடிமலைக்குத் திருப்பயணம் போகிறோம். புனித தேவசகாயம் உயிர் கொடுத்த மலை அது. அங்கே போனவர்கள் எல்லாரும் மணியடிச்சான் பாறையைத் தட்டிப் பார்த்திருப்போம். புலியூர்க்குறிச்சியில் தண்ணீர் சுரந்த பாறையையும் பார்த்திருப்போம். அவர் பட்ட அடிகள், எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துப் போன அவமானம், கடைசியில் பாய்ந்த குண்டுகள் எல்லாம் நமக்கு மனப்பாடம். ஆனால் அவர் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால் பலரும் யோசிக்கிறோம்.

1712 ஏப்ரல் 23ஆம் நாள் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரசின் ஊழியர். மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் காலம். பத்மநாபபுரத்தில் நீலகண்டசாமி கோயிலில் காரியக்காரர் என்ற பொறுப்பில் இருந்தார். வரவு செலவு, ஆள் அம்பு, அன்றாட நிர்வாகம். இன்றைக்கு ஓர் அரசு அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் நம் ஊர் அதிகாரியை நினைத்துக்கொண்டால் போதும்.

1741இல் குளச்சல் போரில் டச்சுக் கம்பெனிப் படை தோற்றது. சிறைபிடிக்கப்பட்டவர்களில் ஒருவர் டிலனாய். கத்தோலிக்கர். அவருடைய திறமையைப் பார்த்த மன்னர், தம் படைக்குப் பயிற்சி தரும் பொறுப்பை அவரிடமே கொடுத்தார். உதயகிரிக் கோட்டையைப் பலப்படுத்தியவரும் அவர்தான். நாடு திரும்பாமல் அங்கேயே 1777இல் இறந்து, கோட்டைக்குள்ளேயே அடக்கமானார். லத்தீனிலும் தமிழிலும் எழுதிய கல்லறைக் கல்லை இன்றும் அங்கே பார்க்கலாம். (பீரங்கியும் துப்பாக்கியும் கற்றுக்கொடுத்த ஒருவரைப் பற்றி மறையுரையில் பேசுவது சிலருக்கு நெருடலாக இருக்கலாம். நமக்கும் கொஞ்சம் நெருடல்தான். ஆனால் வரலாறு அவர் வழியாகத்தான் போகிறது.)

அரசுப் பணியில் இந்த இருவரும் பழக நேர்ந்தது. நீலகண்டனுக்கு அப்போது கெட்ட காலம். மாடுகள் இறந்தன, பயிர் அழிந்தது, சொத்து கரைந்தது என்று மரபு சொல்கிறது. முகம் வாடிக் கிடந்த உடன் ஊழியரைப் பார்த்து என்ன ஆயிற்று என்று டிலனாய் விசாரித்தார். எல்லாவற்றையும் இழந்தும் இறைவனை இழக்காத யோபுவின் கதையைச் சொன்னார். தொடக்கம் அவ்வளவுதான். மறையுரை மேடை இல்லை, கூட்டம் இல்லை. கூட வேலை பார்க்கிறவருடைய வருத்தத்தை ஒருவர் கவனித்தார். தம்மிடம் இருந்த ஒரு கதையைக் கொடுத்தார். மாடு செத்து, மானாவாரி வெள்ளாமை கருகி உட்கார்ந்திருப்பவருடைய முகம் எப்படி இருக்கும் என்பது நரிக்குடி, திருச்சுழி, காரியாபட்டிக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த முகத்தைப் பார்த்து நின்று விசாரிக்கிறோமா என்பதுதான் கேள்வி.

திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே இருந்த வடக்கன்குளத்தில், 1745 மே 14ஆம் நாள், பரஞ்சோதிநாதர் என்று மக்கள் அழைத்த இயேசு சபைக் குரு புத்தாரி அவருக்குத் திருமுழுக்கு கொடுத்தார். லாசர் என்ற விவிலியப் பெயரின் பொருள் 'கடவுளே துணை'. அதுவே தமிழில் தேவசகாயம் ஆயிற்று. அவருடைய மனைவி பார்கவியும் ஞானப்பூ என்ற பெயரில் விசுவாசியானார். எல்லைக்கு வெளியே திருமுழுக்குப் பெற்றவர் வெளியிலேயே தங்கியிருந்தால் பிழைத்திருப்பார். அவர் திரும்பி வந்தார். தம் மக்கள் நடுவிலேயே வாழ்ந்தார்.

1749 பிப்ரவரி 23ஆம் நாள் கைது செய்யப்பட்டார். திருமுழுக்குக்கும் கைதுக்கும் நடுவில் மூன்றே முக்கால் ஆண்டுகள். நாம் பேசாமல் விட்டுவிடும் ஆண்டுகள் இவை. அந்த நாட்களில் அவர் சாதி பாராமல் எல்லாரோடும் பழகினார்; எல்லா மனிதரும் சமம் என்று வலியுறுத்தினார்; மேல்சாதியினரின் பகையை அது கிளப்பியது என்று அவருடைய வாழ்க்கையை ஆராய்ந்த திரு அவை கூறுகிறது. அவர் மேல் சாட்டப்பட்டது ராஜத் துரோகக் குற்றம். யோசித்துப் பாருங்கள். ஒரு காரியக்காரர் வீட்டுக்குள் என்ன செபம் சொன்னார் என்பதற்காக மட்டும் இவ்வளவு கோபம் வந்திருக்குமா? யாரோடு உட்காரக்கூடாதோ அவர்களோடு உட்கார்ந்தார். பதவியில் இருந்துகொண்டே அப்படிச் செய்தார். வேலையும் விசுவாசமும் ஒரே மனிதருக்குள் வந்து சேர்ந்தபோதுதான் அவர் ஆபத்தானவராகத் தெரிந்தார்.

1752 ஜனவரி 14ஆம் நாள் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ஞானப்பூ அம்மாள் வடக்கன்குளத்துக்குப் போய் அங்கேயே வாழ்ந்து இறந்தார். 2012 டிசம்பர் 2ஆம் நாள் தேவசகாயம் அருளாளரானார். 2022 மே 15ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர். அறிவிப்புக்கு முன்பே அவருடைய பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தை வத்திக்கான் நீக்கிவிட்டது.

அவர் திருமுழுக்குப் பெற்ற வடக்கன்குளத்தின் கதையை இங்கே நிறுத்திவிட்டால் அது நேர்மையாகாது. 19ஆம் நூற்றாண்டில் அதே ஊரில் எழுந்த திருக்குடும்ப ஆலயத்துக்குள் சாதிக்கு ஒரு பக்கம் என்று இரு பிரிவாக மக்கள் நின்றார்கள். நடுவே சுவர் இருந்தது. திருக்குடும்பம் என்றால் யார்? ஒரு தச்சர், அவர் மனைவி, அந்தத் தச்சர் வளர்த்த பிள்ளை. அவர்களுடைய வீட்டுக்குள்ளேயே சுவர்! 1910இல் குருக்கள் அதை இடித்தபோது ஒரு பிரிவினர் நீதிமன்றம் போனார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. கோயிலுக்குள் சாதித் தடுப்பைத் திரும்ப எழுப்ப முடியாது என்பதே முடிவாயிற்று. மறைசாட்சியின் ஊருக்கே இந்த நிலை என்றால், நம் வயலில் களை எடுக்க வருகிறவருக்குத் தண்ணீர் எந்தப் பாத்திரத்தில் கொடுக்கிறோம் என்று வெளிஊர்க்காரர் ஒருவர் கேட்டால் நாம் கோபப்படக் கூடாது.

கடல் கடந்தும் ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு நம் ஊருக்குத் திரும்புவோம். தேவசகாயத்தின் காலத்தில் வேலை என்றால் அரண்மனை, வயல், கடல். அடுத்த நூற்றாண்டில் தொழிற்சாலைகள் வந்தன. பெல்ஜியம் நாட்டில் 1882இல் பிறந்தவர் ஜோசப் கார்டின். அவருடைய தந்தை சிறிய அளவில் நிலக்கரி வியாபாரம் செய்தவர். நம் ஊர்க் கரி வியாபாரிகளைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்டின் குருமடத்தில் சேர்ந்து விடுமுறைக்கு ஊர் திரும்பியபோது, கூடப் படித்த நண்பர்கள் ஆலைத் தொழிலாளர்களாகியிருந்தார்கள். அவரைக் கண்டதும் விலகிப் போனார்கள். "நீ முதலாளிகள் பக்கம் போய்விட்டாய்" என்ற எண்ணம். பழைய சிநேகிதர்களின் அந்த விலகல் அவரைச் சுட்டது. 1903இல், உழைத்து ஓய்ந்து போன தந்தையின் மரணப்படுக்கை அருகில், தம் வாழ்வைத் தொழிலாளருக்கே கொடுப்பதாக அவர் உறுதி எடுத்தார்.

அவர் தொடங்கிய இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தை 1925இல் திருத்தந்தை 11ஆம் பயஸ் ஏற்றுக்கொண்டார். அதன் வழிமுறை மிக எளிது: பார், சிந்தித்துத் தீர்ப்பிடு, செயல்படு. இளைஞர்கள் வாரம் ஒருமுறை கூடுவார்கள். இந்த வாரம் ஆலையில் என்ன நடந்தது என்று முதலில் பேசுவார்கள். நற்செய்தி அதற்கு என்ன சொல்கிறது என்று பார்ப்பார்கள். அடுத்த வாரத்துக்குள் ஒரு சிறு காரியமாவது செய்வார்கள். 1961இல் திருத்தந்தை 23ஆம் யோவான் தம் சுற்றுமடலிலேயே இந்த மூன்று படிகளை எடுத்துச் சொன்னார். இன்று நம் அன்பியக் கூட்டங்களில் இதையேதான் செய்கிறோம், அல்லது செய்வதாகச் சொல்கிறோம். பல நேரம் 'பார்' என்ற முதல் படியிலேயே திருவிழா வரிக் கணக்கைப் பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறோம்.

மே முதல் நாளைத் தொழிலாளர் திருநாளாக இந்திய மண்ணில் முதலில் கொண்டாடியது 1923இல், சென்னைக் கடற்கரையில், சிங்காரவேலர். 1955 மே 1ஆம் நாள் திருத்தந்தை 12ஆம் பயஸ் அதே நாளைத் தொழிலாளரான புனித யோசேப்பின் திருநாளாக அறிவித்தார். அன்று முதல் யோசேப்புக்கு ஆண்டில் இரண்டு திருநாள். மார்ச்சு 19 மரியாவின் கணவருக்கு, மே 1 தச்சருக்கு.

2024 மே 1ஆம் நாளை நம் பகுதியில் யாரும் மறந்திருக்க முடியாது. அன்று காலை, காரியாபட்டியை அடுத்த ஆவியூர்ப் பக்கம் ஒரு கல்குவாரியின் வெடிபொருள் வெடித்து மூன்று தொழிலாளர்கள் உடல் சிதறி இறந்தார்கள். சத்தம் பல மைல் கேட்டது. நாடெங்கும் தொழிலாளருக்கு விடுமுறை என்று சொல்லப்பட்ட நாள் அது. நம் கோயில்களில் தச்சர் யோசேப்பின் திருப்பலி நடந்த நாள். அந்த மூன்று பேரும் வேலையில் இருந்தார்கள்.

அவர்கள் எந்தச் சமயம், எந்தச் சாதி என்ற ஆராய்ச்சி நமக்கு வேண்டாம். நம் வீட்டு அஸ்திவாரத்துக்கும், நம் கோயில் மண்டபத்துக்கும், நாம் மதுரைக்குப் போகும் நான்குவழிச் சாலைக்கும் ஜல்லி அப்படிப்பட்ட குவாரிகளிலிருந்துதான் வந்தது. பார் என்று கார்டின் சொன்னது இதைத்தான்.

கரி மூட்டத்தையும் பாருங்கள். சீமைக்கருவேலத்தை வெட்டி, கட்டைகளை அடுக்கி, இலை தழை போட்டு, மேலே மண் பூசித் தீ வைப்பார்கள். நாள் கணக்கில் அது உள்ளுக்குள்ளேயே வேக வேண்டும். எங்காவது மண் விரிசல் விட்டுக் காற்றுப் புகுந்தால் கரி கிடைக்காது, சாம்பல்தான். அதனால் இரவும் பகலும் ஆள் காவல் இருக்க வேண்டும். அந்தக் காவலுக்குக் கணவனும் மனைவியும் மாறி மாறி விழித்திருக்கிறார்கள். மெழுகுதிரி ஏற்றி இரவெல்லாம் விழித்திருந்தால் அதைத் திருவிழிப்பு என்கிறோம். இதற்கு நம்மிடம் பெயர் இல்லை. அந்தக் குடும்பம் வாங்கிய முன்பணம் கழியும்வரை வேறு இடத்துக்குப் போக முடியாமல் இருப்பதும் உண்டு. ஆளை முன்பணத்தால் கட்டிப்போடுவது 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கொடுப்பவர்களிலும் வாங்குபவர்களிலும் நம்மவர்கள் இருக்கிறார்கள். கரி மூடையில் தண்ணீர் தெளித்து எடை ஏற்றுகிறவர்களிலும், பருத்தித் தாட்டை நனைக்கிறவர்களிலும், தராசில் விரல் வைக்கிறவர்களிலும்தான்.

அறுவடை செய்தவர்களுக்குத் தராமல் பிடித்துக்கொண்ட கூலி கூக்குரலிடுகிறது, அந்தச் சத்தம் ஆண்டவரின் காதுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று யாக்கோபு தம் திருமுகத்தில் எழுதுகிறார். திருத்தந்தை 13ஆம் லியோ 1891இல் தொழிலாளர் நிலை பற்றி எழுதிய சுற்றுமடலிலும் நியாயமான கூலி பெரிய இடம் பிடிக்கிறது. படிக்கும்போது யாரோ பெரிய ஆலை முதலாளிகளுக்குச் சொன்னது போலத்தான் நமக்கு இருக்கும். அதனால் எங்களுக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் ஒரு சிறிய கெபி கட்டினோம். கொத்தனாருக்குப் பேசிய கூலியைக் கொடுத்தோம். கல்லும் கலவையும் சுமந்த இரண்டு சித்தாள் பெண்களிடம் மட்டும், "மாதாவுக்குச் செய்கிற வேலைதானே, நாளுக்கு நூறு ரூபாய் குறைத்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்றோம். அவர்கள் ஒன்றும் பேசவில்லை. பதினோரு நாள் வேலை. திறப்பு விழாவில் நன்கொடையாளர்களுக்குச் சால்வை போட்டோம். அந்த இரண்டு பேரையும் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஆவியூர் வெடி விபத்துக்குப் பிறகு வந்த அன்பியக் கூட்டத்தில், தானும் சித்தாள் வேலைக்குப் போகிற ஓர் அம்மா எழுந்து, "குவாரிக்காரரைப் பேசுகிறோமே, கெபி வேலைக் கணக்கை என்ன செய்தோம்?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு பழைய நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டோம். ஆளுக்கு ஆயிரத்து நூறு ரூபாய். பெரிய தொகை அல்ல. அன்றே உண்டியலிலிருந்து எடுக்காமல் எங்களுக்குள் வசூலித்துச் சேர்த்தோம். ஒருவருடைய வீடு பக்கத்து ஊரில்தான். தேடிப் போய்க் கொடுத்தபோது முதலில் வாங்க மறுத்தார். ஏன் குறைத்தோம் என்று அவர் கேட்கவில்லை. கெபியில் இன்னும் தினமும் மெழுகுதிரி ஏற்றுகிறார்களா என்று மட்டும் விசாரித்தார்.

மற்றவர் குடும்பத்தோடு திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டாராம். முகவரி யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அவருடைய பெயர் எழுதிய உறை எங்கள் பொருளாளரின் பெட்டியில் இருக்கிறது.